புழுதி விதைப்பும் பதினைந்து எழுத்துகளும்

கணினியில் செய்த வேலையை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பல வருடங்களாக வெட்கமாக இருந்தது. வீட்டில் சொன்னதில்லை. கூடப் படித்தவர்களிடமும் சொன்னதில்லை. என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இரவில் நெல்லின் புரதங்களை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற மிச்சத்தை விழுங்கிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே உயிரியலில் ஏதாவது கண்டுபிடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு வருடா வருடம் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு அரைகுறைப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்தபின் போனது என்பதை எழுதுகிறேன்.

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளில், தென்மராட்சியில். 1990இல் குடாநாட்டில் நின்றுபோன மின்சாரம் நான் படித்து முடிக்கும்வரை வரவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தபோது பள்ளிக்கூட வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. சின்னப் போத்தலுக்குள் பஞ்சை அடைத்து, மண்ணெண்ணெயை அளந்து விட்டு எரித்த சிக்கன விளக்கில்தான் மயோகுளோபினின் படத்தை முதன்முதலில் பார்த்தேன். ஜோன் கென்ட்ரூ குழுவினர் 1958இல் வெளியிட்ட வடிவம் அது. முப்பரிமாணத்தில் உலகுக்குத் தெரியவந்த முதல் புரதம். கொப்பியில் பார்த்து வரைந்தேன், அழித்தேன், திரும்ப வரைந்தேன்.

ஒரு புரதத்துக்கு ஒரு வடிவம், அந்த வடிவத்துக்கு ஒரு வேலை. எமில் பிஷர் 1894இல் சொன்ன பூட்டும் சாவியும் தொடங்கிப் பாடப்புத்தகம் சொல்லித்தந்தது இதுதான். அதற்கு மேலே கிறிஸ்டியன் அன்ஃபின்சன் வருவார். விரித்துக் குலைத்துவிட்ட நொதியம் ஒன்று, விட்டுவிட்டால் தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்துவிடும் என்று காட்டி 1972இல் நோபல் பரிசு பெற்றவர். இதை நான் வெறுமனே நம்பவில்லை, நேசித்தேன். வீடும் பள்ளிக்கூடமும் ஊரும் நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வயதில், ஒரு பொருளுக்குச் சரியான வடிவம் ஒன்றே ஒன்று உண்டு, எத்தனை தரம் குலைத்தாலும் அது அந்த வடிவத்துக்குத் திரும்பும் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது.

பிறகு கம்பஸ், தாவரவியல். புரதத்தின் வடிவம் அறிய வேண்டுமென்றால் அதைப் பளிங்காக வளர்க்க வேண்டும், எக்ஸ் கதிர் பாய்ச்ச வேண்டும், அதற்கு ஒரு நாட்டின் பணமே வேண்டும். கூடப் படித்த சிலர் வெளிநாடு போனார்கள். வட்டமான பெருங்கட்டடங்களுக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை அனுப்பினார்கள். சிங்குரோத்திரன் என்று பெயர்; இலத்திரன்களைச் சுற்ற விட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் இடம். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் போகவில்லை. போகாததற்குக் காரணங்கள் இருந்தன, அவை எல்லா வீடுகளிலும் இருப்பவைதான்.

என் கைக்கு எட்டியது இணையம். உலகத்தில் எங்காவது ஒருவர் ஒரு பரம்பரையலகைப் படித்தால், அதன் எழுத்துவரிசை பொதுத் தரவுத்தளத்துக்கு வந்துவிடும். யாரும் எடுத்துக்கொள்ளலாம். 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியும் அப்படித்தான், இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இரவில் அவற்றை இறக்கி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எதிர்வுகூறும் நிரல்களில் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒருமுறை ஒரு கருத்தரங்கில் துணிந்து இரண்டு வரைபடங்களைக் காட்டினேன். மூத்தவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "கையில ஒண்டும் படாமல் என்ன பிள்ளை ஆராய்ச்சி?" பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே அன்று எனக்கும் பட்டது. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் எங்கள் மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனத் துறையில் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் பேராசிரியர் க. பாலசுப்பிரமணியமும் மாப்பொருளைப் பிரிக்கும் நொதியங்களைக் கையால் வேலைசெய்து ஆராய்ந்து, வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் எழுதியவர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு வெறும் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். கடலுக்கு அப்பால், சென்னையில்.

1952இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர். அந்த வருடம் சென்னை வந்த விஞ்ஞானி ஜே. டி. பேர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம் அது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் கொலாஜனுக்குக் குறைவில்லை. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழை சேர்ந்த சுருள் என்று நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். அடுத்த வருடம் கேம்பிரிட்ஜில் இருந்து மறுப்பு வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், உங்கள் வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எவ்வளவு நெருக்கம் கூடாத நெருக்கம்? அதை யாரும் ஒழுங்காக அளந்து வைத்திருக்கவில்லை. இராமச்சந்திரன் அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் பளிங்கு வடிவங்களையெல்லாம் திரட்டி, காபனும் நைதரசனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் அணுகியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார். பிறகு சசிசேகரனோடும் இராமகிருஷ்ணனோடும் சேர்ந்து அடுத்த கேள்விக்குப் போனார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று கிரேக்க எழுத்துப் பெயர். எந்த ஃபை, எந்தச் சை சேர்ந்தால் அணுக்கள் மோதாது? மேசைக் கணிப்பானில் ஒவ்வொரு கோணமாக வைத்துக் கணக்கிட்டார்கள். 1963இல் வெளிவந்த அந்தச் சதுரப் படத்தில் பெரும்பகுதி வெறுமை, அங்கே போக முடியாது. சில தீவுகள்தான் அனுமதி. அப்போது அணு அணுவாக வடிவம் தெரிந்த புரதம் மயோகுளோபின் ஒன்றுதான். அதற்குப் பின்வந்த ஆயிரமாயிரம் புரதங்கள் அந்தத் தீவுகளுக்குள்ளேதான் வந்து விழுந்தன. இன்றும் எந்த நாட்டில் எவர் ஒரு புரத வடிவத்தை வெளியிட்டாலும், அது சரிதானா என்று பார்க்கும் முதற்சோதனைகளில் ஒன்று இராமச்சந்திரன் படம்.

ஆக, கையில் புரதமே படாமல், மற்றவர்கள் அளந்து வைத்த தூரங்களில் இருந்து, சென்னையில் ஒரு மேசையில் செய்த கணக்கு. இதை நான் மாணவியாக இருந்தபோதே படித்திருந்தேன். பரீட்சைக்கு நாலு வரி எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை முழுதாக எடுத்து வாசித்தது கருத்தரங்குக்குப் பிறகுதான். வாசித்த இரவு நித்திரை வரவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் நின்ற கேள்விக்கு, நான் பிறப்பதற்கு முன்பே நிறைந்த பதில் ஒன்று பக்கத்துக் கரையில் இருந்திருக்கிறது.

நான் நெல்லைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஐயா. தென்மராட்சியில் மானாவாரியாக நெல் செய்தவர். காலபோகத்துக்கு எங்கள் பக்கம் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆவணி, புரட்டாதியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். மொட்டைக்கறுப்பன் அப்படி விதைக்கிற நெல். கைப்பிடி மண்ணை அள்ளினால் விரல் இடுக்கால் தூளாகக் கொட்டும். அந்தச் சூட்டுக்குள் நெல் வாரக்கணக்கில் கிடக்கும். சின்ன வயதில் அது செத்துப்போகாதா என்று ஐயாவைக் கேட்டிருக்கிறேன். "நெல்லுக்குத் தெரியும் பிள்ளை, எப்ப முளைக்கவேணும் எண்டு. ஏமாத்து மழைக்குத்தான் பயம்" என்பார். ஒரு மழை பெய்து, நெல் முளைவிட்டபின் வானம் வெளுத்தால் எல்லாம் கருகிவிடும். காய்ந்து கிடந்தபோது சாகாத நெல், முளை வந்தபின் அதே காய்ச்சலில் சாகும்.

இது எவ்வளவு விசித்திரமான விஷயம் என்று கம்பஸில்தான் விளங்கியது. நன்கு காய்ந்த நெல்மணியில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான் நீர். ஓர் இலையை அந்த அளவுக்குக் காயவிட்டால் அது சருகு, திரும்பி வராது. கலத்தில் நீர் போனால் மென்சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும், புரதங்கள் கட்டிபட்டுப் போகும். விதை மட்டும் தப்புகிறது. 1981இல் லியோன் டூர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, பருத்தி விதை முற்றும் கடைசிக் கட்டத்தில் சில புரதங்கள் ஏராளமாகச் சேர்வதைக் கண்டது. முளைத்தபின் அவை மறைந்துவிடும். அந்தப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளைக்கு டிஹைட்ரின் என்று பெயர். நெல்லில் அப்படி ஒன்றை ஜோன் முண்டியும் நாம்-ஹாய் சுவாவும் 1988இல் கண்டார்கள். நீர் குறைந்தாலும் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடினாலும் உடனே உருவாகும் புரதம். ராப்21 என்று பெயர் வைத்தார்கள்.

அதன் எழுத்துவரிசையை இறக்கினேன். வடிவத்தைத் தேடினேன். புரத வங்கியில் இல்லை. உறவுக்காரப் புரதங்களைப் பார்த்தேன், அவற்றுக்கும் இல்லை. ஒழுங்கின்மையை மதிப்பிடும் ஐயூபிரெட் என்ற நிரலில் கொடுத்தேன். புடாபெஸ்டில் 2005இல் உருவானது. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு மதிப்புத் தரும், பாதிக்கு மேலே போனால் அந்த இடத்துக்கு நிலையான மடிப்பு இல்லை என்று பொருள். நெல் டிஹைட்ரினின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய முழுக்கப் பாதிக்கு மேலேயே ஓடியது.

மனம் சோர்ந்துபோனது. சிக்கன விளக்கில் நான் நேசித்த ஒழுங்கு இங்கே இல்லை. அதுவும் ஐயாவின் நெல்லைப் புழுதிக்குள் காப்பாற்றும் புரதங்களில் ஒன்றுக்கு வடிவமே இல்லை என்றால், அதன் வேலையை எதை வைத்து விளங்கிக்கொள்வது? இந்தச் சோர்வு எனக்கு மட்டும் வந்ததில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் சங்கிலியின் சில பகுதிகள் காணாமற்போவதை விஞ்ஞானிகள் பல வருடங்களாகக் குறை என்றே ஒதுக்கிவந்தார்கள். பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று, வடிவம் இல்லாமலே வேலை செய்யும் புரதங்கள் இருக்கின்றன, வடிவமும் வேலையும் பற்றிய பழைய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று நேரடியாகச் சொன்னது. கீத் டங்கர், விளாடிமிர் உவேர்ஸ்கி போன்றவர்கள் அதைக் கணக்காக்கினார்கள்.

உவேர்ஸ்கியும் கூட்டாளிகளும் 2000இல் கொடுத்த கணக்கு ஓர் ஒற்றைக் கொப்பித் தாளில் அடங்கும். புரதம் மடிவதற்கு நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் வேண்டும், அவை நீருக்கு ஒளிந்து உள்ளே கூடுவதால்தான் மடிப்பு நிற்கிறது. ஒரே வகை ஏற்றம் கூடினால் அவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே நீர்வெறுப்பின் சராசரியையும் நிகர ஏற்றத்தையும் தெரிந்துகொண்டால், மடியுமா மடியாதா என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

2022இல் இதைப் பிள்ளைகளோடு கையால் செய்தேன். அந்த வருடம் பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மடிகணினி அணைந்துவிட்டது. பின்னேர வகுப்புக்கு வந்த பிள்ளைகளை அப்படியே அனுப்ப விருப்பமில்லாமல் கரும்பலகையில் பதினைந்து எழுத்து எழுதினேன்: ஈ, கே, கே, ஜீ, ஐ, எம், டீ, கே, ஐ, கே, ஈ, கே, எல், பீ, ஜீ. டிஹைட்ரின் எல்லாவற்றிலும் வரும் துண்டம் இது. கே-துண்டம் என்பார்கள். தாவரத்துக்குத் தாவரம் ஓரிரு எழுத்து மாறும், அவ்வளவுதான்.

ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். கே என்பது லைசீன், நேர் ஏற்றம். பதினைந்தில் ஐந்து அதுதான். ஈயும் டீயும் மறை ஏற்றம், மூன்று. ஐந்தில் மூன்று கழிய இரண்டு, அதைப் பதினைந்தால் பிரித்தால் 0.13. அடுத்தது நீர்வெறுப்பு. ஜாக் கைட்டும் ரசல் டூலிட்டிலும் 1982இல் தந்த அளவுகோலில் ஐசோலூசீனுக்கு 4.5, அடிமட்டத்தில் ஆர்ஜினீனுக்கு மறை 4.5. அதைப் பூச்சியத்தில் இருந்து ஒன்றுக்கு வரும்படி மாற்றிச் சராசரி எடுக்க வேண்டும். எங்கள் உயர்தரப் பரீட்சையில் கல்குலேற்றர் கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்தல் கணக்கு கை வந்தது. சராசரி 0.37 என்று வந்தது. இனி எல்லை: 0.13உடன் 1.151ஐக் கூட்டி 2.785ஆல் பிரித்தால் 0.46. இந்த ஏற்றத்தோடு மடிந்து நிற்க வேண்டுமென்றால் நீர்வெறுப்பு 0.46க்கு மேலே இருக்க வேண்டும். 0.37 போதாது. மடியாது.

உண்மையில் இந்தக் கணக்கு முழுப் புரதத்துக்கு உரியது, பதினைந்து எழுத்துக்குச் செய்தது பயிற்சிக்காக. அதையும் சொன்னேன். பிறகு ஒரு பிள்ளையை ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் எழுத்துகளை வட்டமிடச் சொன்னேன். ஐ, ஐ, எல். மூன்றும் நீரை வெறுப்பவை, நாலுக்கு ஒன்றாக நிற்கின்றன. அல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம். அப்படியென்றால் இந்தத் துண்டம் சுருளாகினால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பக்கத்தில் வரும், லைசீன்கள் மற்றப் பக்கங்களில் நிற்கும். ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மை, மறுபக்கம் ஏற்றம். கலத்தின் மென்சவ்வும் கொழுப்பு, அதன் மேற்பரப்பிலும் ஏற்றம் உண்டு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒருவன் எழும்பிக் கேட்டான், "அப்ப மிஸ், தண்ணிக்குள்ள மடியாமல் கிடந்திட்டு, மென்சவ்வில முட்டினாப் பிறகு மடியுமோ?" திமோதி குளோசின் குழு 2003இல் சோள டிஹைட்ரினில் கண்டது அதைத்தான்: கரைசலில் வடிவமற்றுக் கிடந்த புரதம் கொழுப்புக் குமிழில் ஒட்டியபோது சுருள் எடுத்தது. அவனுக்கு அந்தக் கட்டுரை தெரியாது. கரும்பலகையில் இருந்த எழுத்துகளும் மூன்று வட்டங்களும்தான் அவனிடம் இருந்தன.

இராமச்சந்திரனின் படம் இந்த இடத்தில் எனக்கு வேறு விதமாகப் பேசத் தொடங்கியது. அவருடைய தீவுகளுக்கு ஒரு விலக்கு கிளைசீன். அதற்குப் பக்கச் சங்கிலி இல்லை, மோதுவதற்கு ஒன்றும் இல்லை. மற்றவை போக முடியாத பல கோணங்களுக்கும் அது போகும். நெல் டிஹைட்ரின் கிளைசீன் நிறைந்த புரதம். கே-துண்டங்களுக்கு இடையில் அது தாராளமாக வருகிறது. சங்கிலி ஏன் ஒரு வடிவத்தில் நிற்காமல் நெளிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு ஒரு பகுதிப் பதில் 1963இலேயே வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிந்த புரதத்தைச் சோதிக்கும் படம் என்றுதான் நான் அதைப் படித்திருந்தேன். மடியாததையும் அது விளக்கும்.

இந்தக் காலத்திலேதான், எழுத்துவரிசையில் இருந்து புரதத்தின் வடிவத்தை எதிர்வுகூறும் அல்ஃபாஃபோல்ட் என்ற நிரல் வந்தது. 2020 கடைசியில் எதிர்வுகூறல் போட்டியில் வென்று, 2021 ஆடியில் கட்டுரையும் தரவுத்தளமும் வெளியாகி, அடுத்த வருடம் இருபது கோடிக்கு மேல் புரதங்களின் வடிவங்களை யாவருக்கும் திறந்துவிட்டார்கள். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் டேவிட் பேக்கரோடு சேர்த்து 2024இல் இரசாயன நோபல் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அதன் பெறுமதியைச் சொல்லி முடியாது. பெரிய கணினி எதுவும் வேண்டாம். உலாவியில் கொலாப் என்ற பக்கத்தைத் திறந்து எழுத்துகளை ஒட்டினால், எங்கோ இருக்கும் கணினி ஓடி முடித்து வடிவத்தை அனுப்பும். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்திருந்து, போன் டேட்டாவில் ஓட விடுவோம். பாதியில் மின் போய், கோபுரமும் போய், எல்லாம் அறுந்த இரவுகள் உண்டு.

அன்று கேள்வி கேட்ட அதே பிள்ளை, பிறகு கம்பஸ் போனபின்னும் என்னிடம் வந்துபோவான். ஒருநாள் நெல் டிஹைட்ரினின் முடிவைப் போனில் கொண்டுவந்து காட்டினான். திரையில் ஒழுங்கில்லாமல் வளைந்து வளைந்து போகும் நீளக் கோடு.

"மிஸ், இது சரியா வரேல்ல. திருப்பி ஓட விடட்டோ?"

"என்ன நிறம்?"

"எல்லாம் செம்மஞ்சள். இடையில மட்டும் கொஞ்சம் மஞ்சளும் நீலமும்."

அல்ஃபாஃபோல்ட் தன் முடிவோடு தன் நம்பிக்கையையும் நிறத்தில் சொல்லும். கடும் நீலம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இளநீலம் எழுபதுக்கு மேல். செம்மஞ்சள் ஐம்பதுக்குக் கீழே: இந்த இடத்தில் நான் வரைந்த கோட்டை வடிவமென்று எடுத்துக்கொள்ளாதே என்று அது சொல்கிறது. மனிதப் புரதங்கள் முழுவதையும் 2021இல் ஓடவிட்டபோது நூற்றுக்கு 58 பங்கு அமினோ அமிலங்களுக்குத்தான் எழுபதுக்கு மேற்பட்ட நம்பிக்கை கிடைத்தது. மிச்சத்தில் பெரும்பங்கு உண்மையிலேயே நிலையான வடிவம் இல்லாதது. அவன் திருப்பி ஓட விட வேண்டியிருக்கவில்லை. இடையில் வந்த நீலத் துண்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சிறு சுருள்கள், எழுத்துகளை ஒப்பிட்டால் கே-துண்டங்கள். கரும்பலகையில் வட்டமிட்ட மூன்றும் ஒரு பக்கம் பார்த்து நின்றன.

இங்கேதான் கவனம் வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். செம்மஞ்சள் எல்லாம் ஒழுங்கின்மை ஆகாது, ஒப்பிட உறவுப் புரதங்கள் போதாமல் இருந்தாலும் நம்பிக்கை விழும். நீலம் எல்லாம் எப்போதும் மடிந்திருப்பதும் ஆகாது. வேறொன்றோடு ஒட்டும்போது மட்டும் மடியும் துண்டத்தையும் அது மடித்தே காட்டிவிடும். தண்ணீருக்குள் அந்தச் சுருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த நீலம் பதில் தராது. படத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறிப்போகும் இடம் இது. உவேர்ஸ்கியின் கணக்கு, ஐயூபிரெட், அல்ஃபாஃபோல்ட் மூன்றும் மூன்று வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்தால் நம்பிக்கை கூடும். கூடினாலும் அது எதிர்வுகூறல்தான்.

ஆகவே நெல்லை அவித்தோம். வடிவமற்ற புரதத்தைப் பிடிக்க மிகப் பழைய வழி கொதிநீர். முட்டை வெண்கரு கொதியில் இறுகுவது, மடிந்திருந்த புரதங்கள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்குவதால். பால் பொங்கினாலும் திரையாமல் இருப்பது, அதன் முக்கியப் புரதமான கேசீனுக்கு அவிழ்வதற்கு இறுகிய மடிப்பு இல்லாததால். தைப்பொங்கலன்று எல்லா முற்றத்திலும் நடப்பது இந்தச் சோதனை. இரவல் கிடைத்த ஆய்வுகூட மேசை ஒன்றில், மொட்டைக்கறுப்பன் மணிகளில் இருந்து முளையங்களை ஊசியால் பிரித்தெடுத்து அரைத்து, சாற்றைச் சிறு குழாய்களில் விட்டுக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தோம். தெளிவாக இருந்த சாறு பால்போல வெளுத்தது. ஐசில் ஆறவைத்துச் சுழற்றியதும் வெள்ளைக் கட்டி அடியில் போய் அமர்ந்தது, மேலே கண்ணாடித் தெளிவு. அந்தத் தெளிவை, புரதங்களைப் பருமன்படி பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டுச் சாயம் போட்டபோது, ஏணிப்படிபோல நிறைந்திருக்க வேண்டிய கோடுகளில் சிலதான் மிஞ்சின. முளைவிட்ட நெல்லில் திரும்பச் செய்தோம். அந்தச் சிலவும் மங்கிப்போயிருந்தன. ஐயாவின் ஏமாத்து மழை அந்த ஜெல்லில் தெரிந்தது என்று எனக்குத் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கோடுகளில் டிஹைட்ரின் எது என்று சொல்ல வேண்டுமானால் கே-துண்டத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி வேண்டும், எங்களிடம் இல்லை. கொதிநீரைத் தாங்கும் மடிந்த புரதங்களும் விதையில் உண்டு. வடிவமற்றவை ஜெல்லில் உண்மையான பருமனைவிடப் பெரியவை போலத் தெரியும் என்பதால் இடத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இவ்வளவு தடைகளையும் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தாலும், கணக்கு சொன்னதும் கொதிநீர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணவில்லை. "கையில ஒண்டும் படாமல்" என்று கேட்டவரிடம் இப்போது போய்ச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. ஜெல்லைக் காட்டுவதற்கு முன்பு கணக்கைத்தான் காட்டுவேன். எதை அவிக்க வேண்டும் என்று சொன்னது அதுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்துக் கேம்பிரிட்ஜ் போன மதன் பாபுவின் பெயரைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்கிறேன். வடிவமற்ற புரதங்களின் அளவைக் கலம் எவ்வளவு இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது என்று அவரும் கூட்டாளிகளும் 2008இல் சயன்ஸ் சஞ்சிகையில் காட்டினார்கள். வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய அளவுக்கு, பிறகு விரைவாக அழிப்பு. அந்தக் கட்டுரையின் முதுகெலும்பு, உலகம் ஏற்கனவே திரட்டிப் பொதுவில் வைத்த தரவுகளைக் கணினியில் ஒன்றுசேர்த்துக் கேட்ட கேள்வி. தரவு பொதுவில் கிடந்தது. கேள்விதான் அவர்களுடையது.

எங்களிடம் இப்போது உள்ள கேள்வி சிறியது. நான் இதுவரை கணக்கிட்ட எழுத்துகள் எல்லாம் நிப்பொன்பாரே என்ற யப்பான் நெல்லினுடையவை. 2005இல் முழுதாகப் படிக்கப்பட்டு உலகத்துக்கே ஒப்பீட்டு நூலாக இருப்பது அது. நீர் நிற்கும் வயலில் வளரும் இனம். புழுதியில் கிடக்கும் மொட்டைக்கறுப்பனின் டிஹைட்ரினிலும் அதே எழுத்துகள்தானா? கே-துண்டம் மாறியிருக்காது என்று எதிர்பார்க்கிறேன். அவற்றுக்கு இடையில் உள்ள கிளைசீன் நிறைந்த பகுதி நீண்டோ குறுகியோ இருக்கலாம். அந்தப் பரம்பரையலகைப் பெருக்கத் தேவையான தொடக்கத் துண்டுகளை அந்தப் பிள்ளை கணினியில் வடிவமைத்துவிட்டான். இலைகளைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைத்திருக்கிறோம். எழுத்து வந்ததும் முதலில் கொப்பியில் கையால் கணக்குப் பார்ப்பது, பிறகுதான் நிரலில் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.